‘பெய்தால்’ என்பதற்கு ஆங்கிலம் யாது?

நிபந்தனை வாக்கிய மொழிபெயர்ப்புப் பயிற்சி பற்றிய ஓர் ஆராய்ச்சி

‘மழை பெய்தால் மரம் சீவும் வேலை நின்றுவிடும்’ என்பது எளிய தமிழ் வாக்கியம். ரப்பர் தோட்டங்கள் சூழ வளர்ந்த ரவாங் போன்ற ஊர்களில் இதற்கு உரை தேவையில்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் நில்லாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் எவரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தனர்.

இவ்வாக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதுமாறு ஒரு மாணவனைக் கேட்டால், சரியான விடை எது? தோட்டத்தின் வழக்கத்தை ஒருவர் எடுத்துரைக்கும் கூற்றாயின், ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்று தொடங்கி ‘ஸ்டாப்ஸ்’ என்று முடிக்க வேண்டும். விடியற்காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு மண்டோர் சொல்லும் கூற்றாயின், தொடக்கம் அதுவே. முடிவு ‘வில் ஸ்டாப்’ என்று ஆகும். நெடுநாள் வறட்சியில், மழை வரும் என்ற எண்ணமே இல்லாத ஒருவர் பேச்சுக்காகச் சொல்லும் கூற்றாயின், ‘இஃப் இட் ரெயின்ட்’ என்று தொடங்கி ‘வுட் ஸ்டாப்’ என்று முடிக்க வேண்டும். மூன்றும் சரியான ஆங்கிலம். மூன்றுக்கும் பொருள் வேறு. தமிழ் வாக்கியத்திலோ ஓர் எழுத்தும் மாறவில்லை.

வகுப்பிலும் மாலைநேரப் பிரத்தியேக வகுப்புகளிலும் மாணவர் கையில் தரப்படும் பயிற்சித் தாள் ஒன்றில் இவ்வாக்கியம் தனித்து நிற்பதாகக் கொள்க. யார் சொன்னது, எப்போது சொன்னது, நடக்கும் என்று நம்பிச் சொன்னதா என்ற குறிப்பு எதுவும் இல்லை. விடைப் பட்டியலில் ஒரு விடைதான் உண்டு. மற்ற இரண்டில் ஒன்றை எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையில் பிழைக்குறி விழுகிறது. அவன் செய்த பிழை யாது? பிழை அவனுடையதா, தாளினுடையதா? மொழிபெயர்ப்பு வழியாக ஆங்கில நிபந்தனை வாக்கியங்களைப் பயிற்றும் முறையை மதிப்பிடுவோர் முதலில் விடைகாண வேண்டிய வினா இதுவே.

விலக்கப்பட்டு மீண்ட முறை

மொழிபெயர்ப்பு வழியே பிறமொழி கற்பது பழைய வழக்கம். ஆங்கிலேயர் தமிழ் கற்பதற்கென்று போப் ஐயர் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய கைந்நூலும் இலக்கணமும் மொழிபெயர்ப்பும் கலந்த பாடங்களால் ஆனதே. ஐரோப்பாவில் இம்முறைக்கு எதிர்ப்பு எழுந்தபோது, ஜெர்மானிய அறிஞர் ஃபியட்டர் 1882-இல் வெளியிட்ட சிறு நூல் அவ்வெதிர்ப்பின் முரசாக அமைந்தது. பேச்சே மொழியின் உயிர். தனி வாக்கியங்களைப் பெயர்த்துக்கொண்டிருப்பவன் மொழியைப் பேசக் கற்கமாட்டான் என்பது அவ்வியக்கத்தாரின் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு.

மலேசியாவில் 1983-இல் தொடக்கப்பள்ளிகளுக்கும், அப்பத்தாண்டின் இறுதியில் இடைநிலைப்பள்ளிகளுக்கும் வந்த புதிய கலைத்திட்டங்கள் கருத்துப் பரிமாற்றத்தை முதன்மையாகக் கொண்டன. ஆங்கிலப் பாடத்தை ஆங்கிலத்திலேயே நடத்துவது நெறியாயிற்று. ஆயினும் முன்வாசல் வழியே அனுப்பப்பட்ட மொழிபெயர்ப்பு பின்வாசல் வழியே திரும்பி வந்தது. வீட்டிலும் தோட்டத்திலும் தமிழ் பேசி, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, ஓர் ஆங்கில வாக்கியத்தின் பொருள் விளங்காதபோது பக்கத்திலிருப்பவரிடம் தமிழில்தான் கேட்கும். அதைத் தடுக்க எந்தக் கலைத்திட்டத்தாலும் இயலாது.

அறிஞருலகின் கருத்தும் இப்போது மாறியுள்ளது. கை குக் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர் 2010-இல் வெளியிட்ட நூலில், மொழி கற்பித்தலில் மொழிபெயர்ப்புக்கு உரிய இடத்தை மீண்டும் தர வேண்டும் என்று விரிவாக வாதிட்டார். மலேசியா தன் ஆங்கிலக் கல்விச் சீர்திருத்தத்திற்கு அளவுகோலாகக் கொண்ட ஐரோப்பியப் பொது மொழித் தரச் சட்டகமும், அண்மைத் துணைத்தொகுதியில், ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியினர்க்கு எடுத்துரைக்கும் திறனைத் தனித் திறனாக மதிக்கிறது. ஆகவே, மொழிபெயர்க்கலாமா கூடாதா என்ற வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. எப்படி மொழிபெயர்ப்பது என்ற வழக்கே எஞ்சி நிற்கிறது.

தமிழ் விட்டுவைப்பதும் ஆங்கிலம் குறிப்பதும்

தமிழில் நிபந்தனை உருவங்களுக்குப் பஞ்சம் இல்லை. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம் ஒன்றிலேயே இன், கால், ஏல், எனின் என்று பல உருவங்களைக் காணலாம். தொல்காப்பியரும் நன்னூலாரும் ‘செயின்’ என்னும் வாய்பாட்டை வினையெச்சங்களுள் வைத்தனர். ஆனால், இவ்வுருவ வேறுபாடுகள் நடக்கக்கூடியது, நடவாதது என்ற பாகுபாட்டை ஒட்டி அமைந்தவை அல்ல. மழை பெய்தால் குடை பிடிக்கலாம். எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன். முன்னது அன்றாடம் நிகழ்வது. பின்னது ஒருநாளும் நிகழாதது. இரண்டிலும் எச்சம் ஒரே வாய்பாட்டினது. மனிதனுக்குச் சிறகு முளையாது என்பது கேட்பவனுக்குத் தெரியும். ஆகையால் தமிழ் அதனை வினைச்சொல்லில் குறித்துக்காட்டும் பொறுப்பை மேற்கொள்ளவில்லை. கேட்போன் அறிவுக்கு விட்டுவைக்கிறது.

ஆங்கிலம் அவ்வாறு விடுவதில்லை. சிறகு இல்லை என்பது உலகறிந்த உண்மையாயினும், ‘ஹேட்’ என்றும் ‘வுட்’ என்றும் வினையின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளித்தான் அம்மொழி பேசும். இவ்வாறு காலத்தைத் தள்ளுவதன் வாயிலாகப் பேசுவோன் தன்னை உண்மையினின்று ஒதுக்கிக் காட்டுகிறான்.

இதனால் தமிழ் குறையுடையது என்று கொள்வது அறியாமை. ஆங்கிலம் மயங்க வைக்கும் இடத்தில் தமிழ் தெளிவாக நிற்பதும் உண்டு. ‘இஃப் ஹீ கேம்’ என்ற ஆங்கிலத் தொடர், முடிவைக் காணும்வரை இரு பொருளுக்கு இடம் தரும். அவன் நேற்று வந்தது மெய்யாயின் என்பது ஒன்று. அவன் நாளை ஒருகால் வருவானாயின் என்பது மற்றொன்று. தமிழிலோ முன்னதற்கு ‘வந்தான் என்றால்’, பின்னதற்கு ‘வந்தால்’. ஒவ்வொரு மொழியும் ஒன்றைக் குறித்து மற்றொன்றைக் குறிக்காது விடுகிறது. மொழிபெயர்ப்பின் இடர் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இடைவெளி கண்ணில் படாது. மூன்று ஆங்கில வாக்கியங்களையும் ஒரே தமிழ் வாக்கியமாக எழுதிவிட்டு, மாணவன் பாடம் முடிந்தது என்று எண்ணிக்கொள்வான். ஆசிரியரும் பிழை காணமாட்டார். தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போதே இடைவெளி வாய் திறக்கிறது. தமிழ் சொல்லாமல் விட்டதை ஆங்கிலம் சொல்லியாக வேண்டும். அதற்குரிய செய்தியைத் தாள் தரவில்லை. மாணவன் ஊகிக்கிறான், ஊகத்திற்கே மதிப்பெண் கிடைக்கிறது, அல்லது போகிறது.

‘வருவால்’ என்ற சொல் உண்டா?

தமிழறிவு இப்பாடத்திற்குத் தடை என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. உண்மையில் அது துணைசெய்யும் இடங்கள் பல.

வந்தால், போனால், கேட்டால், படித்தால் என்ற எச்சங்களை வந்தான், போனான், கேட்டான், படித்தான் என்ற முற்றுகளோடு ஒப்பிட்டு நோக்குக. ‘ஆல்’ இறந்தகால அடியோடுதான் சேர்கிறது. எதிர்மறையில் ‘வராவிட்டால்’ என்னும்போதும் ‘விட்ட்’ என்பது இறந்தகால அடியே. ஆயினும் பொருள் இறந்தகாலம் அன்று. ‘நாளை வந்தால் தருகிறேன்’ என்பதைக் கேட்டு, நாளை என்றபின் இறந்தகாலம் எப்படி வந்தது என்று எவரும் திகைப்பதில்லை. பழைய ‘செயின்’ வாய்பாட்டை நன்னூலார் எதிர்காலத்திற்கு உரியதாக வகுத்தார். இன்று அதன் இடத்தில் வழங்கும் ‘செய்தால்’ இறந்தகால உருவத்தோடு அதே பணியைச் செய்கிறது.

ஆங்கிலப் பாடத்தில் மாணவர் மிகவும் மருளும் இடம், நாளை நடப்பதைச் சொல்ல ‘கேம்’ என்ற இறந்தகால உருவம் ஏன் என்பதாகும். இதற்கு விடை அவர்கள் நாவிலேயே இருக்கிறது. தாய்மொழியில் நாள்தோறும் செய்வதைத்தான் ஆங்கிலம் ஓரிடத்தில் செய்கிறது என்று காட்டினால் மருட்சி பாதி தீரும். மீதிப் பாதிக்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழ் எல்லா நிபந்தனைக்கும் இறந்தகால அடியைப் பயன்படுத்தும். ஆங்கிலமோ பேசுவோன் உண்மையினின்று ஒதுங்கும்போது மட்டும் பயன்படுத்தும். வாசல் ஒன்று, உள்ளே அறைகள் வேறு.

மாணவர் அடிக்கடி செய்யும் மற்றொரு பிழை, ‘இஃப் ஹீ வில் கம்’ என்று நிபந்தனைப் பகுதியிலேயே ‘வில்’ சேர்ப்பதாகும். இதனைத் தமிழின் குற்றம் என்று சொல்வார் உண்டு. தமிழில் ‘வருவால்’ என்ற சொல் உண்டா? இல்லை. வருமானால், வருவான் என்றால் என்பன முற்றுவினையோடு வேறு சொல் சேர்ந்து வந்தவை. ‘ஆல்’ என்னும் எச்சம் எதிர்கால இடைநிலையை ஏற்பதே இல்லை. அப்பிழையைச் செய்யும் மாணவனிடம், ‘நாளை வருவால் என்று சொல்வாயா?’ என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டால் போதும். அவன் சிரித்துவிடுவான்; சிரித்தபின் மறக்கமாட்டான். பத்து வரி விதியால் ஆகாதது தாய்மொழியின் ஒரு சொல்லால் ஆகும்.

‘இரு’ செய்யும் மயக்கம்

தமிழ் உண்மையிலேயே வழிதவற வைக்கும் இடமும் உண்டு; அதனை மறைப்பது நேர்மையாகாது. நடந்திருக்கக்கூடியது நடவாமற் போனதைச் சொல்லும்போது தமிழ் இரு பகுதியிலும் ‘இரு’ என்னும் துணைவினையை வைக்கிறது. ‘நீ ஓடி வந்திருந்தால் பேருந்தைப் பிடித்திருப்பாய்.’ இரண்டு பக்கமும் ஒத்த எடை. ஆங்கிலத்தில் எடை ஒவ்வாது: நிபந்தனையில் ‘ஹேட்’, முடிவில் ‘வுட் ஹேவ்’. தமிழின் சமநிலையை அப்படியே ஆங்கிலத்தில் காட்ட முயலும் மாணவன் இரு பக்கமும் ‘வுட் ஹேவ்’ என்று எழுதிவிடுகிறான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரின் பேச்சிலும் இவ்வாறு வருவதுண்டு. ஆகையால் பழி முழுவதையும் தமிழின் மேல் சுமத்துவது முறையன்று. எனினும் ஆசிரியர் முன்கூட்டியே காட்டவேண்டிய இடம் இது.

இன்னொன்று இதனினும் நுட்பமானது. ‘பேருந்து போயிருக்கும்’ என்ற வாக்கியம் தனித்து நின்றால் ஊகப் பொருள் தரும்: இந்நேரம் போய்விட்டது என்று நினைக்கிறேன் என்பதே அது. ‘ஓட்டுநர் வந்திருந்தால் பேருந்து போயிருக்கும்’ என்று சொன்னால் இரு பொருளுக்கு இடமாகிறது. ஓட்டுநர் வரவில்லை, ஆகவே பேருந்து போகவில்லை என்பது ஒன்று. ஓட்டுநர் வந்தாரோ இல்லையோ தெரியாது. வந்திருப்பாராயின் பேருந்து இப்போது நிலையத்தில் இராது என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆங்கிலத்தில் ‘வுட் ஹேவ்’. பின்னதற்கு ‘வில் ஹேவ்’ அல்லது ‘மஸ்ட் ஹேவ்’. தமிழ் பேச்சில் குரலும் சூழலும் இவற்றைப் பிரித்துவிடுகின்றன. தாளில் குரலும் இல்லை, சூழலும் இல்லை.

மூன்றாம் மொழியின் பங்கு

ரவாங் மாணவன் இரு மொழிக்கு இடையில் மட்டும் நிற்பவன் அல்லன். தேசியமொழியாகிய மலாயை அவன் பள்ளியிலும் கடைத்தெருவிலும் நாள்தோறும் வழங்குகிறான். மலாயில் வினைச்சொல் காலத்திற்கேற்பத் திரிவதில்லை. ‘கலாவ்’ அல்லது ‘ஜிக்கா’ என்ற சொல்லை முன்னே வைத்து, ‘டாத்தாங்’ என்ற வினையை மாற்றாமல் வைத்தால் நிபந்தனை பிறந்துவிடும். வெறும் எண்ணத்தைச் சொல்ல வேண்டுமாயின் ‘செக்கிராஞா’, ‘செஅண்டாய்ஞா’ போன்ற சொற்கள் உள்ளன. ஆகவே மலாய் இவ்வேறுபாட்டைத் தனிச்சொல்லால் காட்ட வல்லது. தமிழ் பெரும்பாலும் சூழலுக்கு விடும். ஆங்கிலம் வினையின் காலத்தால் காட்டும்.

மாணவன் ‘இஃப் ஹீ கம்’ என்று திரியாத வினையை எழுதினால் அது தமிழின் வழிவந்த பிழையன்று என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும். திரியாத வினை தமிழுக்கு உரியதன்று. எந்தப் பிழை எந்த மொழியின் வாசலில் நுழைந்தது என்று அறியும் ஆசிரியர், மருந்தையும் அறிவார். பிழைகள் அனைத்தையும் ‘தமிழில் நினைப்பதால் வந்தவை’ என்று ஒரே மூட்டையில் கட்டுவோர் நோயையே அறியாதவர்.

ஊரிலேயே உள்ள பாடம்

அவ்வாறாயின் பயிற்சியை எவ்வாறு அமைப்பது? வாக்கியத்திற்கு முன்னே இரண்டு வரியில் சூழல் ஒன்றைத் தருதலே முதல் திருத்தம். வறட்சிக் காலம், பேசுபவர் மழையை எதிர்பார்க்கவில்லை என்று ஒரு வரி இருந்தால் ‘வுட்’ என்பது ஊகமாக இராது. அறிந்து எழுதிய விடையாகும். சூழலை மாற்றி அதே தமிழ் வாக்கியத்தைத் தந்தால் மாணவன் வேறு ஆங்கிலம் எழுத வேண்டும். முப்பது வாக்கியங்களை ஒருமுறை பெயர்ப்பதைவிடப் பத்து வாக்கியங்களை மும்முறை, மூன்று சூழலில் பெயர்ப்பது பயன் தரும்.

நடவாதுபோன நிபந்தனைக்கு அறிந்த வரலாறு வேண்டும். நடந்தது இன்னது என்று தெரிந்தவனுக்கே நடவாதது எது என்று புலப்படும். ரவாங்கிற்கு இவ்வகையில் குறைவில்லை. 1894-இல் லோக் யூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். இந்நாட்டின் மின்சார வரலாறு அதிலிருந்தே தொடங்கப்படுகிறது. ‘அவர்கள் அதனை நிறுவியிராவிட்டால், ரவாங்கின் பெயர் மின்சார வரலாற்றில் இவ்வளவு முன்னே இடம்பெற்றிராது’ என்று ஆசிரியர் சொல்லட்டும். நிறுவியது உண்மை என்று மாணவன் அறிவான். ஆகவே இங்கு ‘ஹேட் நாட்’ என்பதும் ‘வுட் நாட் ஹேவ்’ என்பதும் தவிர வேறு வழியில்லை என்பதையும் அவனே காண்பான்.

அருகிலுள்ள பத்து ஆராங் இன்னும் ஒருபடி மேலான பாடம் தரும். அங்கே 1915-இல் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கம் 1960-இல் மூடப்பட்டது. ‘சுரங்கம் மூடப்பட்டிராவிட்டால் இன்றும் அங்கே கரி வெட்டிக்கொண்டிருப்பார்கள்’ என்ற வாக்கியத்தில் நிபந்தனை சென்ற காலத்தது, விளைவு இன்றையது. ஆங்கிலத்திலும் முன்பகுதி ‘ஹேட் நாட்’ என்றும், பின்பகுதி ‘வுட் ஸ்டில் பி’ என்றும் பிரிந்து நிற்கும். முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று எண்ணிட்டு மனப்பாடம் செய்தவன் இங்கே தடுமாறுவான். பொருளை நோக்கிப் பழகியவன் தடுமாறான்.

இரண்டாம் திருத்தம், பெயர்த்ததைத் திரும்பவும் பெயர்த்தல். ஒரு மாணவன் சூழலோடு ஆங்கிலத்தில் எழுதியதை, சூழலைக் காணாத மற்றொரு மாணவன் தமிழாக்குக. பின்னர் அத்தமிழை மட்டும் மூன்றாமவனிடம் தந்து ஆங்கிலமாக்கச் சொல்லுக. ‘வுட்’ என்று புறப்பட்டது ‘வில்’ என்று வீடு திரும்பும். எந்தக் கட்டத்தில் பொருள் நழுவியது என்று வகுப்பு முழுவதும் தேடும்போது, இலக்கணம் விதியாக இராமல் கண்டுபிடிப்பாக ஆகும். நழுவலைத் தடுக்கத் தமிழில் ‘ஒருவேளை’, ‘மட்டும்’, ‘என்று வைத்துக்கொள்’ முதலிய சொற்களைச் சேர்க்கலாம் என்பதையும் அவர்களே உணர்வர். ஆங்கிலப் பாடத்தில் தமிழும் கூர்மையடையும்.

எதிர்வாதமும் அதன் அளவும்

இம்முறையை எதிர்ப்போர் கூறுவது: ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் நினைத்துப் பெயர்ப்பவன் பேச்சில் பின்தங்குவான், எதிரே நிற்பவர் அவன் பெயர்த்து முடிக்கும்வரை காத்திரார். இது சரியே. சரளம் வேண்டுமாயின் கேட்டலும் பேசுதலுமே வழி. மொழிபெயர்ப்பு அதனைத் தருவதாக யாரும் உறுதி கூறலாகாது. ஆனால் நிபந்தனை வாக்கியத்தில் மாணவன் இடறுவது வேகக் குறைவால் அன்று. வேறுபாடு இருப்பதையே காணாமையால். காணாத வேறுபாட்டை நூறுமுறை வேகமாகச் சொன்னாலும் அது காணப்படாமலே இருக்கும். காட்டுவதற்கு மொழிபெயர்ப்பு, பழக்குவதற்குப் பேச்சு. இரண்டிற்கும் இடம் வேறு, காலம் வேறு.

வேறொரு வாதமும் உண்டு: ஆசிரியருக்கு நேரம் இல்லை; சூழல் எழுதித் தாள் அமைப்பது வேலைப்பளு. பெரிய வகுப்பைத் தாங்கும் ஆசிரியரின் இடர்ப்பாடு மறுக்கத்தக்கதன்று. எனினும் குறைந்தது ஒன்று செய்யலாம். சூழலின்றித் தந்த வாக்கியத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளை ஏற்றுக்கொண்டு, ‘இதனை யார், எப்போது சொல்வார்?’ என்று மாணவனைக் கேட்கலாம். இதற்குத் தாளும் வேண்டா, கூடுதல் நேரமும் பெரிதாக வேண்டா. சிவப்பு மை சற்றுப் பொறுத்திருந்தால் போதும்.

இது சிறு இலக்கணச் செய்தி என்று ஒதுக்கத் தக்கதன்று. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ‘என்ன நிகழும்’, ‘என்ன நிகழ்ந்திருக்கும்’ என்ற வினாக்களை அம்மொழியில் எதிர்கொண்டனர். 2012 முதல் அக்கொள்கை படிப்படியாகக் கைவிடப்பட்ட பின்னும், வேலை வேண்டி எழுதும் கடிதமும், கையெழுத்திடும் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில் வருவது நிற்கவில்லை. ‘இவ்வேலை கிடைத்தால் உழைப்பேன்’ என்பதை ‘கெட்’, ‘வில்’ என்று எழுதினால் நம்பிக்கை தெரியும். ‘காட்’, ‘வுட்’ என்று எழுதினால் தயக்கமோ பணிவோ தெரியும். எதைக் காட்ட வேண்டும் என்பது எழுதுவோன் உரிமை. தான் எதைக் காட்டுகிறோம் என்று அறியாமல் எழுதுவது அவ்வுரிமையை இழப்பதாகும்.

தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறும்போது அவன் தமிழைக் குறைகூறுவது எளிது. அவன் தமிழிலேயே விடை இருக்கும் இடத்தைக் காட்டுவது சற்றுக் கடினம். அக்கடினத்தை மேற்கொள்ளத்தக்கவர், இரு மொழியின் இலக்கணமும் அறிந்த தமிழாசிரியரே. ஆங்கில ஆசிரியர் ‘வுட்’ என்பதற்கு விதி சொல்லட்டும். ‘பெய்தால்’ என்ற சொல்லுக்குள் எத்தனை மழைகள் உள்ளன என்று தமிழாசிரியர் சொல்லட்டும். இருவரும் ஒரே பள்ளியின் ஆசிரியர் அறையில் அருகருகே அமர்ந்திருப்பவர்களே. அவர்கள் பேசிக்கொண்டால் பயிற்சித் தாள் திருந்தும்.